பத்தொன்பதுக்கு ஏற்ற பயணிகள்

ஓடத்துறை வாரியத்தில் தவறு என்று ஒன்று நடந்ததே கிடையாது. நடந்துவிட்டால் அதைச் சரி என்று நிரூபிப்பதற்குத்தான் அங்கே மூன்று மாடிக் கட்டடமும், மாடிக்கு மாடி மேசைகளும், மேசைக்கு மேசை ஆட்களும் இருக்கிறார்கள். ஆற்றின் பக்கம் ஜன்னல் வைத்தால் வேலையில் கவனம் சிதறும் என்று கட்டும்போதே ஒரு பெரியவர் சொல்லிவிட்டாராம். அதனால் ஜன்னல்கள் எல்லாம் சாலையைப் பார்த்தபடி இருக்கின்றன. படகைப் பார்க்காமலே படகு நடத்துகிற வாரியம் அது.

தையல்காரர் அந்த வாரியத்தின் கையில் மாட்டிக்கொண்டது அவருடைய போதாத காலம். ஆற்று நடுவில் இருக்கும் தீவில் அவருக்கு வீடு, வீட்டு முன்னறையில் தையல் கடை. பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில். போக வர வாரியத்தின் மோட்டார் படகை விட்டால் வேறு நாதியில்லை. தீவு மக்கள் கூடி, பயணிகள் பிரதிநிதி என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்த நாளில் தையல்காரர் அவசரத் துணி ஒன்றை முடிக்க வேண்டியிருந்ததால் கூட்டத்துக்குப் போகவில்லை. போகாத காரணத்தால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வினை புது மோட்டாரோடு வந்தது. பழைய மோட்டார் இருமும், புகையும். ஆனாலும் இருபது பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு சட்டைக்குக் காஜா எடுக்கிற நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். புது மோட்டார் பளபளவென்று வந்தது. ஆள் ஏறியதும் முக்க ஆரம்பித்தது. நடு ஆற்றில் நீரோட்டம் பிடித்ததும் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. கரையில் இருந்த ஒரே மரத்தைப் பயணிகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படகு டிரைவர் வேறு யாருமல்ல, தையல்காரரின் மனைவிக்குத் தம்பி. ஒரு நாள் கடைக்கு வந்து, வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மாமா, மோட்டார் மேல குத்தமில்ல. பின்னாடி தண்ணிக்குள்ள சுத்துதே விசிறி, அதுதான் பொருந்தல. அதுல பத்தொன்பதுன்னு நம்பர் அடிச்சிருக்கு. ஒரு சுத்துக்குப் பத்தொன்பது அங்குலம் தள்ளப் பாக்குமாம். ஒத்தை ஆளு ஓட்டிட்டுப் போற லேசான படகுக்கு அது சரி, பறக்கும். நம்மள மாதிரி பாரம் ஏத்துற படகுக்குப் பதிமூணு வேணும்னு மோட்டார் கடைக்காரரே சொல்றாரு. இப்ப இருக்கறது எப்படின்னா, லோடு லாரியை டாப் கியர்ல மேட்டுல ஏத்துற மாதிரி."

"அப்ப மாத்திட வேண்டியதுதானே மாப்ளே?"

"நான் கை வச்சா வேலை போயிடும். சீல் வச்சிருக்காங்க. வாரியத்துச் சாமான் சரியில்லன்னு வாரியத்து ஆளு வாயே தொறக்கக் கூடாதாம், அது ஒழுங்கீனமாம். பயணிகள்தான் கேக்கணும். பிரதிநிதி நீங்கதானே?"

உள்ளேயிருந்து மனைவி வந்து நிலைப்படியில் நின்றாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அவள் பின்னால், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை. குழந்தை பிறந்த பிறகுதான் வருவான்.

"என்னங்க, இவளுக்கு நாள் நெருங்குது," என்றாள் மனைவி. "வலி எடுத்து அந்தப் படகுல ஏத்திட்டு, அது நடு ஆத்துல நின்னா நான் என்ன பண்ணட்டும்? அந்த மரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

தையல்காரருக்கு அவள் ஒரே மகள். மறுநாளே அக்கரைக்குக் கிளம்பினார்.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் மனுக்களை வாங்கும் கண்காணிப்பாளருக்கு ஊர் வைத்த பெயர் 'திருத்தம்'. மனுவில் இருக்கும் குறையைப் படிக்க மாட்டார். எழுத்தில் இருக்கும் குறையை விட மாட்டார். 'படகின் ப்ரொப்பலரை மாற்றித் தர வேண்டுகிறேன்' என்ற வரியைப் பார்த்ததும் அவர் முகம் கசந்தது.

"ப்ரொப்பலரா? இது என்ன மொழி?"

"அதுக்கு வேற பேரு தெரியலீங்க."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? அதுக்குத்தான் சொல்லாக்கக் குழு போட்டிருக்கோம். உந்துசுழலின்னு முடிவாயிடுச்சு. நடுவுல ஒரு 'ச்' வருமா வராதாங்கறதுல நிக்குது. போன வருஷம் முழுக்க அந்த 'ச்'சுக்கே போச்சு. ரெண்டு புலவருக்குள்ள பேச்சுவார்த்தையே இல்ல. அது தீராம உங்க மனுவை நான் வாங்க முடியாது."

தையல்காரர் மனுவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். "ஐயா, நாங்க சும்மா விசிறின்னுதான் சொல்லுவோம்."

திருத்தத்தின் முகம் மலர்ந்தது. "விசிறி! எவ்வளவு நல்ல சொல்லு! இதை முதல்லயே எழுதியிருக்கலாமே." தன் கையாலேயே அடித்துத் திருத்தி, முத்திரை குத்தி, மனுவை மேலே அனுப்பிவிட்டார். தையல்காரர் பூரித்துப் போய் வீடு திரும்பினார்.

பதில் சீக்கிரமே வந்தது. வாரியத்தில் அதுவே ஒரு கெட்ட அறிகுறி என்று அவருக்கு அப்போது தெரியாது. மின்சாதனப் பிரிவிலிருந்து வந்திருந்தது அது. 'படகு திறந்த வெளியில் செல்வதால் இயற்கைக் காற்றே போதுமானது. பயணிகளுக்கு விசிறி வழங்குவது ஆடம்பரமாகும்' என்று இருந்தது. தையல்காரர் ஓடிப்போய்க் கெஞ்சியதில் மனம் இரங்கி, நேரில் பார்வையிட ஒரு மின்பணியாளரை அனுப்பினார்கள். அவர் தோளில் ஏணியோடு வந்து படகில் ஏறி, அண்ணாந்து பார்த்தார். மேலே வானம்தான் இருந்தது.

"கூரையே இல்லையே, எங்க மாட்டறது?"

"மேல இல்லீங்க," என்றார் தையல்காரர். "இது தண்ணிக்குள்ள சுத்தற விசிறி."

மின்பணியாளர் தண்ணீரை எட்டிப் பார்த்தார். பிறகு தையல்காரரைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணிக்குள்ள யாருக்குங்க வேர்க்குது?"

அவர் போய் எழுதிய குறிப்பில் பிரதிநிதியின் மனநிலை பற்றியும் ஒரு வரி இருந்ததாகக் கேள்வி.

எப்படியோ, இது மின்சாரச் சமாசாரம் இல்லை என்பது வாரியத்துக்குப் புரிந்து, மனு இரண்டாம் மாடிக்கு ஏறியது. அங்கே தலைமைப் பொறியாளர். அவர் மேசையில் பித்தளை விசிறி ஒன்று, காகிதம் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருந்தது. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து தண்ணீரைக் கண்டிராத விசிறி. அதை விரலால் ஒரு சுண்டு சுண்டினார் பொறியாளர். அது சுற்றியது.

"சுத்துதா?"

"சுத்துது சார்."

"அப்புறம் என்ன குறை?"

"நம்பர்தான் சார். பத்தொன்பது இருக்கு. எங்களுக்குப் பதிமூணு போதும்."

பொறியாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இங்க பாருங்க. இந்த விசிறியைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். பட்டியலைத் திறந்தேன். பதிமூணு, பதினஞ்சு, பதினேழு, பத்தொன்பதுன்னு இருந்துச்சு. இதுல எது பெருசு? நீங்களே சொல்லுங்க."

"பத்தொன்பது."

"பாத்தீங்களா, உங்களுக்கே தெரியுது. என் சர்வீஸ்ல நான் எதையும் குறைச்சதா சரித்திரமே கிடையாது. நாளைக்குத் தணிக்கையில வந்து, பத்தொன்பது இருந்த இடத்துல பதிமூணு இருக்கே, ஆறு எங்க போச்சுன்னு கேப்பான். அந்த ஆறை நீங்களா தருவீங்க?"

"பாரம் ஏத்துற படகுக்குச் சின்ன நம்பர்தான் சரின்னு சொல்றாங்க சார்."

"யார் சொன்னது?"

மச்சினன் வேலை கண்முன்னே வந்து நின்றது. "பொதுவா... சொல்லிக்கறாங்க."

"பொதுவா சொல்றதைக் கேட்டு நடக்கறதுக்கா நான் இவ்வளவு படிச்சேன்? என் படிப்புக்கும் படகுக்கும் சம்பந்தமே கிடையாது தெரியுமா? நான் படிச்சது கட்டடம். இருந்தும் இந்த நாற்காலியில உக்கார வச்சிருக்காங்கன்னா சும்மாவா?" பிறகு குரலைத் தணித்து, குழந்தைக்குச் சொல்வதுபோலக் கேட்டார்: "பத்தொன்பதுக்குள்ள பதிமூணு இருக்கா, இல்லையா?"

தையல்காரர் யோசித்தார். "இருக்கு சார்."

"பதிமூணு போக ஆறு மிச்சமும் இருக்கு. நீங்க கேட்டதுக்கு மேலயே குடுத்திருக்கோம். போயிட்டு வாங்க."

படியிறங்கும்போது தையல்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஆறு மிச்சம் இருக்கத்தான் செய்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"நாம கேட்ட பதிமூணு அதுக்குள்ளயேதான் இருக்காம்."

"அப்ப வெளிய எடுத்துத் தரச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். வாரியத்தின் மூன்று மாடியிலும் யாருக்கும் தோன்றாத யோசனை அது. ஆனால் அதைப் போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வாரத்தில் படகு இரண்டு தடவை நடு ஆற்றில் நின்றது. ஒரு தடவை பள்ளிப் பிள்ளைகள் பரீட்சையைத் தவறவிட்டார்கள். தீவு கொதித்தது. கொதிப்பு மூன்றாம் மாடி வரை எட்டி, வாரியத் தலைவர் வல்லுநர் குழு ஒன்றை அமைத்தார். குழுவுக்கு அவரே தலைவர், பொறியாளர் உறுப்பினர், சொல்லைப் பார்த்துக்கொள்ளத் திருத்தம். விசிறியைத் தேர்ந்தெடுத்தவரே விசிறியை விசாரிப்பது எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "அவருக்குத்தானே அதைப் பத்தி எல்லாம் தெரியும்?" என்றார் தலைவர்.

அக்கரைப் படகுத்துறையில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, வெள்ளோட்டம் நடந்தது. குழுவினரின் பாதுகாப்பை முன்னிட்டு அவர்கள் படகில் ஏறவில்லை. பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு அவர்களையும் ஏற்றவில்லை. டிரைவர் மட்டும் ஏறினான். காலிப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய், கண்மூடித் திறப்பதற்குள் திரும்பி வந்தது. குழு எழுந்து நின்று கைதட்டியது.

"ஐயா," என்று தையல்காரர் ஓடினார். "ஆளுங்க ஏறினாத்தான் ஐயா சிக்கல். ஆளுங்களோட ஒரு தடவை..."

தலைவர் அவரைக் கையமர்த்தி, ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு பெரிய உண்மை வெளிய வந்திருக்கு. மோட்டார் சரியா இருக்கு. படகு சரியா இருக்கு. விசிறியும் சரியா இருக்கு. அப்ப எது சரியில்ல? பயணிகள்! இத்தனை நாளா இந்தப் பயணிகளுக்கு ஏத்த விசிறி எதுன்னு தேடி நேரத்தை வீணாக்கிட்டோம். தேட வேண்டியது இந்த விசிறிக்கு ஏத்த பயணிகளை. நான் எத்தனையோ வருஷமா இந்த வாரியத்தை நடத்தறேன். ஒரு நாள்கூடப் படகுல ஏறினதில்ல. ஏறினவன் தன் சௌகரியத்தைத்தான் பாப்பான். கரையில நிக்கறவனுக்குத்தான் படகு முழுசாத் தெரியும்."

மறுபடியும் கைதட்டல். இனி ஒரு நடைக்கு இரண்டே பயணிகள் என்று அங்கேயே உத்தரவு பிறந்தது. தீவுத்துறையில் டோக்கன் கொடுக்க ஒரு ஆள் உட்கார்ந்தார். தையல்காரரின் பெயர், பயணிகளின் ஒப்புதலுக்கு அடையாளமாக, உத்தரவின் அடியில் அச்சாகியிருந்தது. அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதாக அவருக்கே நினைவில்லை. தீவில் இரண்டு பேர் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

புது ஏற்பாட்டுக்கு முறைப்படி ஒரு தொடக்க விழா வேண்டுமல்லவா? அக்கரைத் துறையில் வைத்தார்கள். பயணிகள் பிரதிநிதி மேடையில் இருந்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பான அழைப்பு. தையல்காரருக்குப் போக மனமில்லை. மகளுக்கு முந்தின இரவிலிருந்து இடுப்பு கடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் போனால், தலைவரின் காதில் தனியாக ஒரு வார்த்தை போட்டு, பிரசவம் முடிகிற வரைக்குமாவது படகை வீட்டுத் தேவைக்கு ஒதுக்கித் தரக் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. முதல் நடையில் போய்ச் சேர்ந்தார்.

தலைவர் காது கொடுக்கவில்லை, பேசிக்கொண்டிருந்தார். வேகத்தைப் பற்றி, முன்னேற்றத்தைப் பற்றி, பத்தொன்பது என்ற எண்ணின் சிறப்பைப் பற்றி. பேச்சின் நடுவே யாரோ, "அதோ படகு!" என்று கத்தினார்கள். எல்லாரும் திரும்பினார்கள். தீவிலிருந்து படகு பறந்து வந்துகொண்டிருந்தது. அதில் டிரைவரைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தது. சேலையின் நிறம் தெரிந்ததும் தையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். அது அவர் மகள்.

நடு ஆற்றைப் படகு தாண்டியது. மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடத்தையும் தாண்டியது. நிற்கவில்லை. வந்துவிட்டாள், இதோ வந்துவிட்டாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். தையல்காரரும் தட்டினார். கண்ணில் நீர் வழிய, பைத்தியம் பிடித்தவர்போல, கை சிவக்கத் தட்டினார். புகைப்படக்காரர் அவர் முகத்துக்கு நேரே வந்து படம் எடுத்ததை அவர் கவனிக்கவே இல்லை.

படகு கரை சேர்ந்ததும் தலைவர் முன்னால் வந்து, 'முதல் சரியான பயணி' என்று அறிவித்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் கையில் ஒரு பூங்கொத்தைத் திணித்தார். அவள் அதைப் பிடித்த பிடியில் காம்பெல்லாம் நொறுங்கியது.

"அம்மா எங்கம்மா?" என்று தையல்காரர் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். மச்சினன்தான் சொன்னான்.

"அக்காவை ஏத்த விடல மாமா. பிள்ளைத்தாச்சின்னா ரெண்டு ஆள் கணக்காம். எவ்வளவோ சண்டை போட்டேன். சண்டை போடப் போட இவளுக்கு வலி ஏறிட்டே போச்சு. அக்காதான், நீ கிளப்புடா, கிளப்புன்னு கத்துச்சு."

"திரும்பிப் போய்க் கூட்டிட்டு வா மாப்ளே."

"விடமாட்டாங்களாம். சாயங்காலம் வரைக்கும் படகு இங்க கண்காட்சிக்கு நிக்கணுமாம்."

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மனைவி மறுநாள் காலை, வரிசையில் நின்று டோக்கன் வாங்கி வந்து சேர்ந்தாள். பேத்தியை வாங்கிக் கொஞ்சினாள், மகளின் தலையைக் கோதினாள். தையல்காரர் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எம்மக அங்க கத்திக்கிட்டுப் போறா, நான் தீவுக் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்க கைதட்டினீங்களாமே?"

மகள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் தட்டினேன் என்று சொல்லத்தான் அவர் நினைத்தார். அந்தக் கைதட்டல் எதற்கு என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. வாரியத்தின் ஆண்டு மலர் வந்தபோது அட்டையில் அவர்தான் இருந்தார், கண்ணீர் மல்கக் கைதட்டிக்கொண்டு. கீழே ஒரே ஒரு வார்த்தை: 'நன்றி!'

மகள் தீவுக்குத் திரும்பவில்லை. "வரும்போது ரெண்டு ஆள் கணக்கு போட்டாங்க. இப்ப நிஜமாவே ரெண்டு பேரு. குழந்தைக்குக் காய்ச்சல்னா நான் தினமும் டோக்கனுக்கா நிப்பேன்? இங்கேயே ஒரு ரூம் பாத்துக்கறேம்பா," என்றாள். துணைக்கு மனைவியும் அங்கேயே தங்கினாள். வாத்தியார் குடும்பம் முதலில் தீவைக் காலி செய்தது. பிறகு பிள்ளை படிக்கிற வீடுகள், பிறகு நோயாளி இருக்கிற வீடுகள், பிறகு மளிகைக் கடை. சட்டை தைக்கக் கொடுக்க ஆளில்லாமல் தையல்காரர் கடை வாசலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயணிகள் கூட்டம் வெகுவாகக் குறைந்ததால் விசிறியின் செயல்திறன் மேலும் உயர்ந்திருப்பதாக வாரியம் அறிக்கை விட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கடைசியில் அவரும் கிளம்பினார். தையல் மிஷினை ஒரு பயணியாகக் கணக்கில் எடுத்து அதற்கு ஒரு டோக்கன், அவருக்கு ஒரு டோக்கன். அவரும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைப் படகில் ஏற்றினார்கள். துறையில் வழியனுப்ப யாரும் இல்லை. மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. முக்கவில்லை, புகையவில்லை. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, நீரோட்டத்தைச் சட்டை பண்ணாமல் சீராகப் போனது. காற்று முகத்தில் அடித்தது.

மச்சினன் மோட்டாரின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டான். "சொல்லக் கூடாது மாமா," என்றான். "இப்பதான் இந்த விசிறி இந்தப் படகுக்குக் கச்சிதமாப் பொருந்தியிருக்கு."

"பொருந்தாம?" என்றார் தையல்காரர், மிஷின் சாயாமல் பிடித்துக்கொண்டே. "சட்டைக்கு ஏத்த மாதிரி ஆளை வெட்டிட்டாங்களே மாப்ளே."